627001-இன் காரணிகளைக் காகிதத்தில் காண்பது எப்படி?

திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்கு வரும் கடிதங்களில் 627001 என்ற பின்கோடு இருக்கும். அந்த எண்ணின் காரணிகளைக் கால்குலேட்டர் இல்லாமல், கடித உறையின் பின்புறத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். 791-இன் வர்க்கம் 625681, 792-இன் வர்க்கம் 627264. ஆகவே 627001 பகு எண்ணாக இருந்தால், அதன் பகாக் காரணிகளுள் ஒன்றாவது 791-க்குள் அகப்பட வேண்டும். 791 வரை 138 பகா எண்கள் உள்ளன. அவற்றை வரிசையாக எடுத்து வகுக்கத் தொடங்கினால் கை ஓய்ந்துவிடும் என்பதால், பக்கத்து எண்ணை முதலில் பார்க்குமாறு என் மாணவர்களிடம் எப்போதும் வற்புறுத்துவேன்.

627000 என்பது 627-ஐ 1000-ஆல் பெருக்கியது; 627 = 3 × 11 × 19, ஆயிரத்தில் 2-உம் 5-உம் மட்டுமே உள்ளன. அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது என்பதால், 2, 3, 5, 11, 19 ஆகிய ஐந்தும் வகுக்காமலேயே விலகிவிடும். அடுத்து, 7 × 11 × 13 = 1001 என்பதைப் பயன்படுத்தி, எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து 627-இலிருந்து 001-ஐக் கழியுங்கள். கிடைக்கும் 626, 7-ஆலும் வகுபடாது, 13-ஆலும் வகுபடாது. ஆகவே 627001-உம் வகுபடாது.

இனி 17, 23, 29 என்று பொறுமையாக வகுத்துச் செல்ல வேண்டியதுதான். 61, 67 வரை வந்ததும், இது பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி நிறுத்திவிடுபவர்கள் உண்டு. விடை அடுத்த படியில்தான் இருக்கிறது. 71 × 8800 = 624800; எஞ்சுவது 2201; அது சரியாக 71 × 31. எனவே 627001 = 71 × 8831.

8831-ஐயும் சோதிக்க வேண்டும். 94-இன் வர்க்கம் 8836 என்பதால் 94-க்கு உட்பட்ட பகா எண்கள் போதும். 67 வரை ஏற்கெனவே விலகிவிட்டன. 71 மீண்டும் ஒருமுறை வரக்கூடும் என்பதை மறவாமல் 71, 73, 79, 83, 89 ஆகியவற்றால் வகுத்துப் பாருங்கள். ஒன்றாலும் மீதியின்றி வகுபடாது. ஆகவே 8831 பகா எண்.

காரணிகள் கிடைத்தபின் மற்றவை எளிது. 627001-இன் வகுஎண்கள் 1, 71, 8831, 627001 ஆகிய நான்கே; அவற்றின் கூடுதல் 72 × 8832 = 635904. பக்கத்திலிருக்கும் 627000-க்கோ 128 வகுஎண்கள்! இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா என்ற கேள்விக்கும் இப்போது விடை சொல்லலாம். 4-ஆல் வகுத்தால் மீதி 1 வருவதால் முடியும்போலத் தோன்றும். ஆனால் 71, 8831 இரண்டும் 4-ஆல் வகுக்கும்போது மீதி 3 தருபவை, ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறைதான் வருகிறது என்பதால், முடியாது.

பாளையங்கோட்டையின் 627002-க்கும் இதே வழியைக் கையாளுங்கள்: 627000-ஐவிட 2 கூடுதல் என்பதால் பொதுப் பகாக் காரணி 2 மட்டுமே, பாதியாக்கினால் வரும் 313501-இலிருந்து தொடங்குங்கள்.