டொமைனை வெளியே எடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடந்த மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஒரு வாடிக்கையாளரின் டொமைனை, அதாவது அவருடைய தளத்தின் பெயரை, அந்தத் தளத்தைத் தன் சர்வரில் வைத்திருந்த பழைய ஹோஸ்டிங் நிறுவனத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டார். முதல் காரியமாக, உரிமையாளர் விவரத்தில் இருந்த பழைய மின்னஞ்சல் முகவரியை நீக்கிவிட்டுப் புதியதை எழுதினார். அவர் சேமிப்பதற்கு முன் நான் ஓடிப்போய்த் தடுக்க வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே திருத்தத்தை இதே நல்ல எண்ணத்தோடு நானும் செய்தேன். அதற்கான பணத்தை என் வாடிக்கையாளர் கட்டினார். டொமைன் இடம் மாறாமல் தடுக்கும் பூட்டைத் திறப்பது, மாற்றத்துக்கான கடவுச்சொல்லாகிய ஆத் கோடைப் பிழையின்றி ஒட்டுவது போன்றவை எல்லா உதவிப் பக்கங்களிலும் இருப்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை.

மாற்றத்துக்கு முன் உரிமையாளர் விவரத்தைத் திருத்துவது

டாட் காம், டாட் ஆர்க் போன்ற டொமைன்களை மாற்றுவதற்கான விதிகளை வகுப்பது ஐகேன் அமைப்பு. 2016 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, உரிமையாளரின் பெயரையோ நிறுவனப் பெயரையோ மின்னஞ்சல் முகவரியையோ மாற்றினால், அந்த டொமைன் கைமாறியதாகவே கொள்ளப்படும். அதன் பிறகு 60 நாட்களுக்கு அதை வேறு ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைனைப் பதிவு செய்து தரும் வேறு நிறுவனத்திடம், கொண்டுபோக முடியாது. பெயரில் உள்ள சிறு எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கு விலக்கு உண்டு. மின்னஞ்சல் முகவரிக்கு அந்த விலக்கு இல்லை, அதில் எந்த மாற்றமும் உரிமை மாற்றம்தான். டொமைனைத் திருடுகிறவர்கள் முதலில் மின்னஞ்சலை மாற்றிவிட்டு உடனே வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கடத்திவிடுவார்கள் என்பதால் வந்த பாதுகாப்பு இது. விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது திருடனையும், விவரங்களை ஒழுங்குபடுத்த நினைக்கும் உதவியாளரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

என் வாடிக்கையாளர் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறவர். அவருடைய டொமைனின் தொடர்பு முகவரியாக, வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு கணக்காளரின் மின்னஞ்சல் இருந்தது. அதை உரிமையாளரின் முகவரியாக மாற்றிவிட்டுத் தொடங்குவதே முறை என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தின் அடியில், சேமிக்கும் பொத்தானுக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு வரியும் அதன் பக்கத்தில் ஒரு சிறு கட்டமும் இருந்தன. 60 நாள் பூட்டு வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பதற்கான கட்டம் அது. நான் அதைப் படிக்கவே இல்லை. பழைய முகவரிக்கும் புதிய முகவரிக்கும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல்கள் போயின. நல்லவேளையாகப் பழைய அஞ்சல்பெட்டி திறந்தே இருக்கிறது என்று மகிழ்ந்து இரண்டிலும் ஒப்புதல் கொடுத்தேன். மறுநாள் காலை பூட்டைத் திறக்கும் பொத்தான் வெளிறிப் போயிருந்தது. அதன் கீழே இரண்டு மாதம் தள்ளி ஒரு தேதி இருந்தது.

டொமைன் காலாவதியாக அப்போது 23 நாட்களே இருந்தன. டொமைனை மட்டும் தனியாகப் புதுப்பித்துத் தர முடியாது, ஹோஸ்டிங்கையும் சேர்த்தே புதுப்பிக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் சொன்னது. நாங்கள் ஏற்கெனவே காலி செய்துவிட்ட சர்வருக்கு இன்னொரு முழு ஆண்டுக் கட்டணம் கட்ட நேர்ந்தது. இத்தனைக்கும் அந்தத் திருத்தம் தேவையே இல்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. பழைய அஞ்சல்பெட்டி உயிரோடு இருந்தது. ஆத் கோடும் கணக்கின் நிர்வாகப் பக்கமான பேனலிலேயே தெரிந்தது. கோடை எடுத்துக்கொண்டு வெளியேறிய பிறகு, புதிய இடத்தில் சாவகாசமாக முகவரியை மாற்றியிருக்கலாம். ஒருமுறை இடம் மாறிய டொமைன் பெரும்பாலும் 60 நாட்கள் அசையாது என்பதால், அங்கே விழும் பூட்டினால் நமக்கு நஷ்டமில்லை.

பழைய முகவரி உண்மையிலேயே செத்துப்போயிருந்து, கோடும் அங்கே மட்டும்தான் வரும் என்றால், திருத்தாமல் வழியில்லை. அப்போது பூட்டை விலக்கும் வாய்ப்பை உங்கள் ரெஜிஸ்ட்ரார் தருகிறாரா என்று முதலில் கேளுங்கள். தர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. தந்தாலும் திருத்துவதற்கு முன்தான் தேர்ந்தெடுக்க முடியும். தரவில்லை என்றால், காலாவதித் தேதிக்கு மூன்று மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

ஹோஸ்டிங் நிறுவனமே ரெஜிஸ்ட்ரார் என்று நம்புவது

சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் பெரும்பாலானவை ரீசெல்லர்கள், அதாவது டொமைனை வாங்கி விற்கும் இடைத்தரகர்கள். டொமைன் பதிவாகியிருப்பது அவர்களுக்கு மேலே உள்ள வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம். ரீசெல்லர் பதில் சொல்லாமல் இழுத்தடிக்கும்போது வாரக்கணக்கில் அவருக்கே டிக்கெட் (உதவிக் கோரிக்கை) போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஐகேனின் தேடல் பக்கத்தில் டொமைனை இட்டால், உரிமையாளரின் விவரம் மறைக்கப்பட்டிருந்தாலும் ரெஜிஸ்ட்ராரின் பெயரும் புகார் அனுப்ப வேண்டிய முகவரியும் தெரியும். பேனலில் கோடை நீங்களே எடுக்க வசதி இல்லையென்றால், கேட்ட ஐந்து நாட்களுக்குள் அதைக் கொடுக்க வேண்டிய கடமை அந்த ரெஜிஸ்ட்ராருக்கு உண்டு. கட்டணத் தகராறு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கோடைத் தர மறுக்கக் கூடாது என்றும் விதி சொல்கிறது. ஹோஸ்டிங் பாக்கியைக் காட்டி டொமைனைப் பிடித்துவைக்கிறவர்களிடம் இதை எழுத்தில் எடுத்துச் சொல்லுங்கள். உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பதிலாக ஹோஸ்டிங்காரரின் பெயர் இருந்தால் மட்டும் இந்த உரிமை எதையும் நீங்கள் கோர முடியாது.

டொமைன் போனால் டிஎன்எஸ்ஸும் கூடவே போகும் என்று நினைப்பது

போகாது. டிஎன்எஸ் என்பது தளமும் மின்னஞ்சலும் எந்தச் சர்வரில் உள்ளன என்று சொல்லும் பதிவேடு. டொமைனின் பதிவுதான் இடம் மாறுகிறது. அந்தப் பதிவேடு இருக்கும் இடமான நேம்சர்வர் பழைய நிறுவனத்தினுடையதாகவே இருக்கும். மாற்றம் முடிந்த மகிழ்ச்சியில் பழைய ஹோஸ்டிங் கணக்கை மூடினால், அங்கே இருந்த டிஎன்எஸ் பதிவுகள் அழிந்து தளமும் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். தளம் நின்றது உடனே கண்ணில் படும். நின்றுபோன மின்னஞ்சலைப் பற்றி வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்டால்தான் தெரியும். மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைப் புதிய இடத்தில் எழுத்துக்கு எழுத்து எழுதி, நேம்சர்வரை மாற்றி, சில நாட்கள் பார்த்த பிறகே பழைய கணக்கை மூடுங்கள்.

டிஎன்எஸ்செக்கை அணைக்காமல் நேம்சர்வரை மாற்றுவது

டிஎன்எஸ் பதிவுகள் உண்மையானவையா என்று கையெழுத்து வைத்துச் சரிபார்ப்பது டிஎன்எஸ்செக். அந்தக் கையெழுத்து பொருந்தாததால் பலருக்குத் தளம் திறக்காது. அந்தக் கையெழுத்தைச் சுட்டும் பழைய டிஎஸ் பதிவை முதலில் நீக்குங்கள்.

காலாவதியான பிறகு புதுப்பித்துவிட்டு உடனே மாற்றுவது

காலாவதிக்குப் பிந்தைய 45 நாட்களுக்குள் இப்படிச் செய்தால், பழைய இடத்தில் கட்டிய ஆண்டு கணக்கில் சேராது. புதிய இடத்தில் கட்டிய ஓராண்டு மட்டுமே கூடும்.

அந்த டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைத் தொடர்பு முகவரியாக வைப்பது

டொமைன் நின்றால் அந்த அஞ்சலும் நின்றுவிடும் என்பதால், பதிவு செய்யும் நாளிலேயே தவிர்க்க வேண்டியது இது. மாற்றும் வாரத்தில் திருத்தப் போனால் மேலே சொன்ன பூட்டு விழும்.

இடையில் வரும் மின்னஞ்சலில் அவசரமாக எதையாவது அழுத்துவது

பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து வரும் அந்தக் கடிதத்தில் உள்ள இணைப்பு பெரும்பாலும் மாற்றத்தை ரத்து செய்வதற்கானது. ஒன்றும் செய்யாமல் விட்டால் ஐந்து நாட்களில் தானாக முடியும்.

எல்லா டொமைனுக்கும் ஒரே வழி என்று எண்ணுவது

மேலே சொன்ன விதிகள் டாட் காம் போன்றவற்றுக்கு. நாட்டு டொமைன்களின் விதிகளை அந்தந்தப் பதிவகமே வகுக்கிறது. டாட் யூகேயில் நெடுங்காலம் ஆத் கோடே இருந்ததில்லை; டொமைன் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் உள்ளது என்று குறிக்கும் ஐபிஎஸ் டேக்கை மாற்றும்படி பழைய ரெஜிஸ்ட்ராரிடம் சொல்ல வேண்டியிருந்தது.