சாய்ஸ் பட்டியலில் கோட்டை விடாதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் என்ன கோர்ஸ் எடுக்கலாம் என்று ஊரே யோசனை சொல்லும். பி.இ. கவுன்சலிங்கில், வேண்டிய காலேஜையும் கோர்ஸையும் எழுதும் சாய்ஸ் பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. நான் பார்த்தவரை நல்ல மார்க் வீணாவது அங்கேதான்.

என் அக்கா மகள் கணிதத்தில் 84, இயற்பியலில் 82, வேதியியலில் 86. கணிதம் முழுசாக, மற்ற இரண்டிலும் பாதி. ஆக கட்-ஆஃப் 200க்கு 168. "எப்படியும் பக்கத்து ஊர் காலேஜ்தான் கிடைக்கப் போவுது, அதையே முதல்ல போட்டுடுடா" என்றாள் அக்கா. நானும் போட்டுக் கொடுத்தேன். அதுவே கிடைத்தது. இவள் மூன்றாவதாகப் போட்டிருந்த காலேஜில், இதே இட ஒதுக்கீட்டுப் பிரிவில், 165 வாங்கிய தோழி சேர்ந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் செய்வது ஒன்றே ஒன்றுதான். உங்கள் ரேங்க் வரும்போது பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுத்துவிடும். கிண்டி இன்ஜினியரிங் காலேஜை முதலில் போட்டு அது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதனால் ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். போன வருடம் எந்த கட்-ஆஃப் வரை சீட் கிடைத்தது என்று பார்த்து நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுவதை அடியில் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு சாய்ஸோடு நிறுத்திவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குப் போய் நிற்பவர்களும் உண்டு.

காலேஜ் பெயரை நம்பாதீர்கள், கவுன்சலிங்கில் அதற்குக் கொடுத்திருக்கும் கோடு எண்ணைப் பாருங்கள். கிண்டிக்கு 1, குரோம்பேட்டை எம்ஐடிக்கு 4 என்பதில் குழப்பமில்லை. ஒரே சாமி பெயரில் நாலு காலேஜ் இருக்கும் மாவட்டங்களில்தான் தலைவலி.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்யாவிட்டால் சீட் போய்விடும். நெட் சென்டர்காரர் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தால் ஓடிபி அவருக்குப் போகும். அவர் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பார். கிடைத்த சீட்டை வைத்துக்கொண்டே மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கவும் வழி உண்டு. ஆனால் மேலே நகர்ந்துவிட்டால் பழைய சீட் திரும்பக் கிடைக்காது. அக்கா மகளுக்கு அந்த வழியும் அடைபட்டுப் போனது. முதல் சாய்ஸே கிடைத்தவள் அதற்கு மேல் எங்கே நகர்வது?

கவுன்சலிங் தொடங்கும் முன்பே "சீட் போயிடும் சார்" என்று அவசரப்படுத்தி, அட்வான்ஸோடு ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் கேட்கும் காலேஜ்கள் உண்டு. கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதுதான் யுஜிசி, ஏஐசிடிஇ விதி. ஆனால் பீரோவில் வைத்துப் பூட்டியவரிடம் போய் விதி பேசி வாங்குவதற்குள் கவுன்சலிங்கே முடிந்துவிடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. பொதுவாக 6 முதல் 12 வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் கிடையாது. இதை எட்டாம் வகுப்பில் பள்ளி மாற்றும்போதே யாராவது சொன்னால் உண்டு.