கார்டில் இரண்டு கோடு வந்தாச்சு, கரு எங்கே இருக்கிறது?

வீட்டில் கர்ப்பப் பரிசோதனைக் கார்டு போட்டுப் பார்த்து இரண்டு கோடு வந்தால் கரு தங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம், எங்கே தங்கியிருக்கிறது என்று அந்தக் கார்டு சொல்லாது. நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு கருப்பைக்கு வெளியே போய் ஒட்டிக்கொள்ளும், அதுவும் பெரும்பாலும் கருக்குழாயில்தான். எக்டோபிக், டியூப் கர்ப்பம் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கருப்பை மாதிரி அந்தக் குழாய் விரிந்து கொடுக்காது, கரு வளர வளர ஒரு கட்டத்தில் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். அந்தக் கருவை எடுத்துக் கருப்பையில் வைத்துவிட முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். முடியாது.

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக் கசிவு என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். திடீரென்று வயிற்றைக் கிழிக்கிற வலி, தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, இதில் எது வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்கு. வயிற்றில் பிரச்சினை என்றால் தோள் ஏன் வலிக்க வேண்டும்? கசிந்த ரத்தம் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது, அந்த நரம்பு வழியாக வலி தோளில் தெரிகிறது. தூக்கத்தில் சுளுக்கிக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால் கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி ரத்தப் பரிசோதனை எடுத்து, 48 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது, அது எப்படி ஏறுகிறது, இறங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குழாய் வெடிக்கவில்லை, கருவும் சின்னது, எச்சிஜியும் குறைவு என்றால் கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போதும். அப்புறம் 4-ஆம் நாளும் 7-ஆம் நாளும் ரத்தப் பரிசோதனை, அந்த இரண்டுக்கும் நடுவில் அளவு 15 சதவீதமாவது இறங்கியிருக்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததுமே ஃபோலிக் ஆசிட் மாத்திரை தொடங்கியிருப்பீர்களே, அதை நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் இந்த ஊசி ஃபோலேட் என்கிற அதே சத்தைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. எச்சிஜி முழுசாக இறங்கும்வரை விடாமல் பரிசோதனைக்குப் போங்கள், ஊசி போட்ட பிறகும் குழாய் வெடிக்கலாம். வெடித்துவிட்டால் அறுவை சிகிச்சைதான், பெரும்பாலும் அந்தக் குழாயையே எடுத்துவிடுவார்கள். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையா? அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கிற ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு குழாய் போனாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் இயல்பாகவே கருத்தரிக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டவர்கள் மட்டும் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். அடுத்த முறை கோடு வந்ததும் டாக்டருக்குச் சொல்லி, ஆறாவது வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.