கீரை நல்லது என்று அவர்களுக்குத் தெரியும்: ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் ஊட்டச்சத்து வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் தெற்கே, அரசு வாரியம் கட்டிக்கொடுத்த போர்டு வீடுகள் நிறைந்த ஒரு குடியிருப்பில் நாங்கள் நடத்திய முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள். முருங்கைக்கீரையில் என்னென்ன சத்து இருக்கிறது என்று படம் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கீரை நல்லதுன்னு எங்களுக்குத் தெரியும் கண்ணு. ஆஞ்சு, கழுவி, கடையறதுக்கு நேரம்தான் இல்ல."

அவர் வீட்டு வேலைக்குப் போகிறவர். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுவந்து குடிவைக்கப்பட்ட பலரின் வேலை இன்னும் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தி.நகரிலும்தான் இருக்கிறது. விடியற்காலை எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறும் ஒரு குழம்பும் வைத்துவிட்டு ஆறு மணிக்குப் பேருந்துக்கு ஓட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் கீரை ஆய்வது எங்கே நடக்கும்?

இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் இங்கே இருந்துதான் கிளம்புகின்றன. மக்களுக்குத் தெரியவில்லை, நாம் சொல்லிக்கொடுத்தால் மாறிவிடுவார்கள் என்ற நினைப்பு. விழிப்புணர்வு முகாம், விழிப்புணர்வு பேரணி, விழிப்புணர்வு நோட்டீஸ் என்று எல்லாமே அதிலிருந்து வருகிறது. தெரியாத விஷயங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அதை அப்புறம் சொல்கிறேன். ஆனால் பணம், நேரம், தண்ணீர், இடம், பாதுகாப்பு என்ற ஐந்தில் எது குறுக்கே நிற்கிறது என்று கேட்காமல் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிடும். அந்த அம்மா பேசிய பிறகு நாங்கள் செய்தது சின்ன விஷயம்தான். வேலைக்கு வெளியே போகாத இரண்டு பெண்கள் சாயங்காலம் கீரையை ஆய்ந்து, கழுவி, பையில் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். கட்டுக்கு ஐந்து ரூபாய் கூடுதல். நான் கொடுத்த எந்த விளக்கத்தையும்விட அந்தப் பை அதிகக் கீரையை அடுப்பில் ஏற்றியது.

அடுத்த தவறு, ஒல்லியான குழந்தையை மட்டுமே தேடுவது. ஏழ்மை என்றால் மெலிவு என்று நம் கண் பழகியிருக்கிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, 40.4 சதவீதம் பேர் அதிக உடல் எடை கொண்டவர்கள். உயரம் குன்றிய பிள்ளையும், உடம்பு பெருத்தும் ரத்தம் குறைந்தும் இருக்கிற தாயும் ஒரே வீட்டில் இருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

காரணம் தட்டிலேயே தெரியும். ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் உண்டு. பட்டினியிலிருந்து இந்த மக்களைக் காப்பாற்றியது இந்த ரேஷன் கடைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காயும் பழமும் முட்டையும் மீனும் வெளிக்கடை விலையில்தான் வாங்க வேண்டும். அதனால் சோறு கூடிக்கொண்டே போகிறது, குழம்பு தண்ணியாகிக்கொண்டே போகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒருவர் ஒரு நாளைக்கு அரை கிலோ அளவுக்குக் காய்கறியும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டரை கிலோ! அதை அப்படியே சுவரில் எழுதி ஒட்டினால் படிக்கிற தாய்க்குக் குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். இப்போது சாப்பிடுவதோடு இன்னும் ஒரு கைப்பிடி சேர்க்க என்ன வழி என்று பேசலாம். அதற்கு அவர் பதில் சொல்வார்.

ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டுக்காகத் தாய்மார்களைத் திட்டுவதும் இதே ரகம்தான். பசியோடு அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற பெண்ணுக்கு, அந்த நிமிடத்தில் ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிற ஒரே உதவி அந்தப் பாக்கெட். அதே ஐந்து, பத்து ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும் என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும். வேகவைத்த வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, அவித்த முட்டை. இவை பள்ளிக்கூட வாசலிலும் முனைக் கடையிலும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கடைக்காரரைச் சேர்க்காமல் எதுவும் நடக்காது. அவரை எதிரியாக நினைத்து ஒதுக்கிய ஆறு மாதம் எங்களுக்கு வீண். அவரிடம் போய் உட்கார்ந்து பேசியபோது, விற்காமல் மிஞ்சுகிற சுண்டலுக்கு யார் பொறுப்பு என்றுதான் அவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் மாதம் மிஞ்சியதை நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

நான் மனம் நொந்து எழுத வேண்டிய ஒன்று உண்டு. உணவு அட்டவணை என்ற பெயரில் நாம் ஒட்டுகிற படங்களில் ஆப்பிள், பாதாம், பன்னீர், ஓட்ஸ் எல்லாம் இருக்கும். அந்தத் தெருவில் உண்மையில் சாப்பிடுகிற நல்ல சாப்பாடு எதுவும் இருக்காது. மத்தி மீன், நெத்திலிக் கருவாடு, மாட்டுக்கறி, ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல். ரத்தம் ஊற சுவரொட்டி சாப்பிடு என்று ஆயாக்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. மண்ணீரலில் இரும்புச்சத்து ஏராளம், உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளும் வகை இரும்பும்கூட. மாட்டுக்கறி ஆட்டுக்கறியைவிட ரொம்ப மலிவு. இதையெல்லாம் படத்தில் போடக் கூச்சப்படுகிறோம் என்றால் அந்தக் கூச்சத்துக்குச் சாதிதான் காரணம். தன் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லவே தயங்குகிற ஒரு பெண்ணிடம் நாம் எப்படி ஊட்டச்சத்து பேச முடியும்? கூடவே சொல்ல வேண்டியதையும் சொல்லுங்கள்: ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குக் கருவாட்டில் உப்பு அதிகம், கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிடக் கூடாது, ஏனென்றால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். மரியாதையோடு சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

சிறுதானியம் பற்றி ஒரு வார்த்தை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நிறைய இருக்கிறது, கூழ் இந்த மக்களுக்குப் பழக்கமும்தான். ஆனால் தினையும் வரகும் இன்று கடையில் விற்கிற விலைக்கு, இலவச அரிசி இருக்கிற வீட்டில் அதை வாங்கச் சொல்வது நியாயமே இல்லை.

இப்போது, உண்மையிலேயே தெரியாத விஷயங்கள். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் உணவிலுள்ள இரும்பை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், செலவே இல்லை. சாப்பாட்டோடு கொஞ்சம் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். அதேபோல இரும்புச்சத்து மாத்திரை. வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்க மாட்டார்கள். இப்படி நாளைக்கே செய்யக்கூடியதைச் சொன்னால் மக்கள் காது கொடுக்கிறார்கள்.

ஏற்கெனவே இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவது தொண்டு நிறுவனங்களைப் பிடித்த பெரிய வியாதி. அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவில் பள்ளி நாள்தோறும் முட்டை உண்டு. 2022 செப்டம்பரில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீடு தேடிப் பார்க்கிறார்கள். இவ்வளவும் இருக்கும்போது நாங்கள் ஆறு மாதம் தனியாகச் சத்துமாவு பாக்கெட் கொடுத்தோம். என்ன ஆயிற்று? அங்கன்வாடிக்கு வருகிற பிள்ளைகள் குறைந்தார்கள், எங்கள் நிதி தீர்ந்ததும் பாக்கெட்டும் நின்றது. அந்த ஆறு மாதத்தை, அங்கன்வாடியில் பெயரே பதியாத பிள்ளைகளைத் தேடிப் பதிவதில் செலவழித்திருக்க வேண்டும். ஊர் மாற்றி வந்த குடும்பங்களிலும் வடமாநிலத் தொழிலாளர் வீடுகளிலும் அப்படிப்பட்ட குழந்தைகள் நிறைய.

இதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் இருக்கிறது. 1980இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் கிராமங்களில் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாமல் நிற்கிற குழந்தைக்கு மட்டும் சுமார் 90 நாள் கூடுதல் உணவு; தேறிவிட்டால் நிறுத்தம். எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்காமல், தேவைப்படும் பிள்ளையைத் தேவைப்படும் நேரத்தில் பிடிப்பதுதான் யோசனை. அதே ஊர்ப் பெண்தான் ஊட்டச்சத்துப் பணியாளர். எடை அட்டையைத் தாய்க்குக் காட்டி, எடைக் கோடு ஏன் ஏறாமல் படுத்துவிட்டது என்று அவளோடு உட்கார்ந்து பேசுவார். நாங்களும் எடை பார்த்தோம். ஆனால் எங்கள் நோட்டில் எழுதி, எங்கள் அறிக்கையில் சேர்த்தோம். தாய்க்கு அந்த எண் போய்ச் சேரவே இல்லை.

உடற்பயிற்சிக்கு வருவோம். நாலு வீட்டில் பெருக்கித் துடைத்து, லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் குடத்தோடு மாடி ஏறுகிற பெண்ணிடம் "தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க" என்று சொன்னால் அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு வேலையும் நடையும் மாடி ஏறுவதும் அந்தக் கணக்கில் அடங்கும். அவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் ஓய்வும், முதுகுக்கும் முட்டிக்கும் கொஞ்சம் பயிற்சியும். உடம்பு அசையாமல் போகிறவர்கள் வேறு: நாளெல்லாம் ஆட்டோ ஓட்டுகிற ஆண்கள், காவலாளி வேலை பார்ப்பவர்கள், வயதுக்கு வந்ததும் வீட்டுக்குள் நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள்.

நடக்கத்தான் வேண்டும் என்றாலும் எங்கே நடப்பது? தெருவிளக்கு எரியாது, டாஸ்மாக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும், நாய்கள் வேறு. பெண்களோடு ஒரு சாயங்காலம் அந்தப் பாதையில் நடந்து பார்த்துவிட்டு, எரியாத விளக்குகளின் கம்ப எண்களை எழுதி மாநகராட்சியில் கொடுத்தோம். எல்லாம் எரிந்துவிடவில்லை, எரிந்த பக்கம் பெண்கள் நடக்கத் தொடங்கினார்கள். நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு வருவார்கள், தயவுசெய்து யாரும் உடையைப் பற்றிப் பேசாதீர்கள். ஒரு வார்த்தை போதும், மறுநாள் வர மாட்டார்கள்.

மைதானம் பொதுவானது என்பது பேச்சுக்குத்தான். பாதியில் பைக் நிற்கும், மீதியில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, பையன்களிடமே பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். கண்ணகி நகரில் கபடி ஆடி வளர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்குக் கண் கலங்கியது. ஒரு மைதானமும் விடாமல் வருகிற ஒரு பயிற்சியாளரும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. அடுத்த வீராங்கனையைத் தேடுகிறேன் என்று நன்றாக ஆடுகிற ஏழு பேரை எடுத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவது. பள்ளி வயதுப் பிள்ளைகள் எல்லாருக்குமே நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும். ஸ்கிப்பிங், பாண்டி, பறையாட்டம், குத்துப்பாட்டுக்கு ஆட்டம், எதுவானாலும் சரி.

சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் லாரி வரும் நேரத்தில் கூட்டம் போடாதீர்கள். குடிக்கவே நாலாவது மாடிக்குத் தண்ணீர் சுமக்கிற இடத்தில் மாடித்தோட்டம் வைக்காதீர்கள்; எங்கள் தொட்டிகள் மே மாதத்தில் காய்ந்துபோயின. தாய்மாரை மட்டும் கூப்பிடாதீர்கள். பகலில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது ஆயா, காசு எதற்குச் செலவாகும் என்று முடிவு செய்வது பல வீடுகளில் அப்பா. கடைசியாகச் சாப்பிடுவதும் மிச்சத்தைச் சாப்பிடுவதும் பெண்தான் என்பதை ஆண்கள் இருக்கும்போதே பேசுங்கள்.

அப்புறம், உள்ளூர்ப் பெண்களைச் சம்பளமில்லாமல் தன்னார்வலர் என்று வேலை வாங்குவது. வெளியிலிருந்து வருகிற நமக்குச் சம்பளம் உண்டு, வீடு வீடாக ஏறி இறங்குகிறவருக்கு ஒரு சான்றிதழும் டீயும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் அவருக்கு. திட்டச் செலவு எழுதும்போது முதல் வரியில் அவர் சம்பளத்தை எழுதுங்கள். பேனரும் டிஷர்ட்டும் கடைசியில் இருக்கட்டும். எங்கள் பகுதியில் இப்போது எடை பார்ப்பவர், முன்பு கீரை ஆய்ந்து விற்ற இருவரில் ஒருவர். தராசு அவர் வீட்டில்தான் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட வருகிறார்கள், வேலை முடிந்து வீடு திரும்பிய தாய்மார்கள்.