உரமூட்டையை வைத்துப் பல்லணு அயனிச் சேர்மங்களின் வாய்பாடு எழுதலாம்

ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பசுமைக்குடில்களில் சொட்டுநீரோடு விடும் கால்சியம் நைட்ரேட்டையே எடுத்துக்கொள்வோம். (மூட்டையில் வருவதில் கொஞ்சம் அம்மோனியமும் நீரும் சேர்ந்தே இருக்கும். பயிற்சிக்குச் சுத்தமான உப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் பல்லணு அயனிகளின் (பல அணுக்கள் சேர்ந்து ஒரே அயனியாக நிற்பவை) மின்சுமைகளை மனப்பாடம் செய்யுங்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. அம்மோனியம் +1. நைட்ரேட், ஹைட்ராக்சைடு, பைகார்பனேட் −1. சல்பேட், கார்பனேட் −2. பாஸ்பேட் −3.

அடுத்து, பெயரில் முன்னால் நிற்பது நேர் அயனி, பின்னால் வருவது எதிர் அயனி. கால்சியம் +2, நைட்ரேட் −1. கூட்டினால் பூஜ்ஜியம் வர இரண்டு நைட்ரேட் வேண்டும். குறியீடுகளுக்குப் போகுமுன் பெயரிலேயே எழுதிவிடுங்கள்: கால்சியம்(நைட்ரேட்)₂. பிறகு பெயர் இருந்த இடத்தில் குறியீட்டை வைத்தால் போதும்.

பெரும்பாலோர் சறுக்குவது அடைப்புக்குறியில்தான். ஒரு நைட்ரேட்டில் நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 3. அடைப்பு போடாமல் 3-ஐ ஒட்டி 2 எழுதினால் ஆக்சிஜன் 32 என்று படிக்க வேண்டிவரும்! அதற்காக 3-ஐ 6 ஆக்கினாலும் தப்பு: நைட்ரஜன் ஒன்றாகவே நின்றுவிடும், அது நைட்ரேட்டே இல்லை. அயனிக்குள் இருக்கும் எண்ணைத் தொடவே கூடாது. அடைப்புக்கு வெளியே உள்ள 2 உள்ளிருக்கும் எல்லாவற்றையும் பெருக்கும்: நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 6.

பல்லணு அயனி ஒன்றே ஒன்று என்றால் அடைப்பு வேண்டாம். தருமபுரி ஆழ்துளைக் கிணறுகளில் தொல்லை தரும் ஃபுளூரைடு ஒற்றை அணு அயனி. கால்சியம் ஃபுளூரைடில் அது இரண்டு இருந்தும் அடைப்பு வராது. ஹைட்ராக்சைடும் 'ஐடு' என்றுதான் முடிகிறது, ஆனால் அது பல்லணு. ஆகவே சுண்ணாம்பு நீரில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு அடைப்பு உண்டு.

எண்களைக் குறுக்காக மாற்றிப் போடும் முறை அலுமினியம் சல்பேட்டுக்கு நன்றாக வேலை செய்யும்: +3, −2 என்பதால் அலுமினியம் 2, சல்பேட் 3. கால்சியம் சல்பேட்டில் 2, 2 என்று வரும். சுருக்கி 1, 1 ஆக்க மறக்காதீர்கள்.

வாய்பாட்டிலிருந்து பெயர் வைக்கும்போது இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை சொல்லும் 'டை', 'ட்ரை' சேர்க்காதீர்கள். கால்சியம் நைட்ரேட், அவ்வளவுதான். இரும்பு போல மின்சுமை மாறும் உலோகங்களுக்குக் கவனம் தேவை: இரும்பு +2 என்றால் ஃபெரஸ், +3 என்றால் ஃபெரிக். சல்பேட்டில் ஆக்சிஜன் 4, சல்பைட்டில் 3, சல்பைடில் இல்லவே இல்லை. மூன்றுக்கும் மின்சுமை −2 என்பதால் மின்சுமையை வைத்துப் பிரிக்க முடியாது.

பயிற்சிக்கு அம்மோனியம் சல்பேட். ஹைட்ரஜன் 8 வந்தால் சரி. இதையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே தொட்டியில் அடர்கரைசலாகக் கலந்தால் கால்சியம் சல்பேட் வீழ்படிவாகி டிரிப்பரை அடைத்துவிடும். கூடவே கரைசலில் தங்கும் இன்னொரு உப்பின் வாய்பாட்டை நீங்களே எழுதிப் பாருங்கள், அடைப்பு தேவைப்படாது.