தெருவின் குடிக்கணக்கை எழுதுவது எப்படி

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் மகளிர் சங்கத்துக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். ஒரு வீடு தவணை தவறினால் உடனே "அந்தாள் குடிச்சே அழிக்கிறான்" என்பார்கள். சரி, ஏன் குடிக்கிறான்? எழுதிப் பார்க்க நாற்பது பக்க நோட்டு போதும்.

"எவ்வளவு குடிப்பார்?" என்று ஆரம்பிக்காதீர்கள், கதவு சாத்திக்கொள்ளும். கூலி என்றைக்கு, யார் கையில், எந்த நோட்டாக வருகிறது என்று கேளுங்கள். ஒரு அக்கா சொன்னார்: "சனிக்கிழமை மேஸ்திரி நாலு பேருக்கும் சேர்த்து ஐந்நூறு நோட்டாக் குடுப்பாரு. பிரிக்கச் சில்லறை வேணுமே? எம்ஆர்பி கடைக்குத்தான் போவாங்க." எம்ஆர்பி கடை என்றால் எங்கள் ஊரில் மதுக்கடை. அங்கே போய் நின்றவன் சும்மா திரும்புவானா? ஆளாளுக்கு ஃபோனில் கூலி போடும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். அந்த வீடுகளைத் தனியாகக் குறியுங்கள். பிறகு மற்ற மேஸ்திரிகளிடம் பேச அது உதவும்.

அடுத்து வேலை, வார வட்டி, மழையில் வேலையில்லாத நாட்கள். சென்ட்ரிங், மூட்டை, சாக்கடை என்றால் உடம்புவலிக்கும் நாற்றத்துக்கும் குடிப்பதாகத்தான் சொல்வார்கள். வாதாடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அளவைக் கடைசியில் கேளுங்கள். "ஒரு நைன்டிதான்" என்றால் ஒன்று என்று எழுதக் கூடாது. டாக்டர்கள் கணக்கில் விஸ்கி 30 மில்லி ஒரு அளவு. அப்படியானால் 90 மில்லி பாக்கெட் மூன்று. 2007இல் கர்நாடகத்தில் சாராயத்தைத் தடை செய்தபோது எங்கள் தெரு ஆட்கள் மலிவு விஸ்கிக்கு மாறிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அபார்ட்மென்ட்காரர்களும் குடிக்கிறார்கள். ஆனால் அதே மூன்று அளவு வெறும் வயிற்றில் விழுந்தால், மறுநாள் கூலி போனால், வைத்தியத்துக்குக் காசில்லை என்றால் சேதம் பல மடங்கு. அதனால் ராத்திரி என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள்.

காலையில் கை நடுங்குகிறவரை மட்டும் "இன்றோடு நிறுத்து" என்று சொல்லாதீர்கள். ஒரு தம்பியிடம் கோயிலில் சத்தியம் வாங்கினோம். மறுநாள் ராத்திரியே வலிப்பு வந்துவிட்டது. திடீரென நிறுத்தினால் அப்படி ஆகும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. இப்படிப்பட்டவர்களை ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இருக்கும் போதை சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு முன் விவரம் கேட்க போதை மீட்பு உதவி எண் 14446க்கு போன் செய்யலாம். காலையிலேயே கிளம்புங்கள், கூட்டம் இருக்கும். டப்பாவில் தயிர்சாதம் இருக்கட்டும்.