வேலை ஒருவருக்கு, பயணம் இருவருக்கு: இத்தாலி செல்லும் தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிலானிலோ தூரினிலோ வேலை உறுதியான நாள் முதல் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் வேலை கிடைத்தவரைச் சுற்றியே சுழலும். துணைவர் "கூடவே வந்துவிடுவார்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார். இத்தாலியச் சட்டத்தில் அந்தக் 'கூடவே' கிடையாது. அவருக்குத் தனி விசா, தனிக் குடியிருப்பு அனுமதி, தனி வரி எண், தனிப் பொறுப்புகள் உண்டு. தம்பதியர் அங்கே சென்று படும் அல்லல்களில் பெரும்பாலானவை இதை மறந்ததால் வருபவை.

"நான் முதலில் போய் வீடு பார்த்துவிட்டு ஆறு மாதத்தில் அழைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் புறப்படுவதுதான் இவற்றுள் மிகப் பெரிய தவறு. வளைகுடா நாடுகளுக்குச் சென்று பழகிய நமக்கு இது இயல்பான ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, குடும்ப ஒன்றிணைப்புக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டவர் பொதுவாக இரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் சட்டப்படி அங்கே வசித்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. வாழ்க்கைத் துணைக்கு இல்லை. ஆகவே வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, எந்த வகை அனுமதியில் அழைக்கிறார்கள் என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். உயர் தகுதிப் பணியாளருக்கான அனுமதியான ஐரோப்பிய நீல அட்டை என்றால் வழி எளிது. அதை வைத்திருப்பவர் தம் அனுமதியின் கால அளவைப் பொருட்படுத்தாமல் குடும்பத்தை அழைக்கலாம். அந்த அட்டையைப் பெற மூன்றாண்டுப் பட்டப்படிப்போ ஐந்தாண்டுத் தொழில் அனுபவமோ வேண்டும். தகவல் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கு மூன்றாண்டு அனுபவம் போதும். ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் வெளிநாட்டுத் தொழிலாளர் ஒதுக்கீட்டுக்குள்ளும் அந்த அட்டை வராது. மற்ற வேலை விசாக்களில், ஒப்பந்தம் ஓராண்டுக்குக் குறையாமல் இருந்தால் 'உடன் வரும் குடும்பத்தினர்' என்ற பிரிவில் இருவருக்கும் ஒரே நேரத்தில் முயலலாம். இந்தப் பிரிவு இருப்பதை நிறுவனத்தின் மனிதவளத் துறையினரே பல நேரங்களில் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

துணைவரை அழைக்க வருமானத்துக்கும் வீட்டுக்கும் சான்று காட்ட வேண்டும். வருமான அளவு ஒன்றும் மிரட்டும்படி இல்லை. ஒருவரை அழைக்க, 2025 கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 10,500 யூரோ போதும். வீட்டுச் சான்றில்தான் பலர் சிக்குகிறார்கள். வீடு இருவர் வாழத் தகுந்தது என்று அந்த ஊர் நகராட்சியான கொமூனே சான்றளிக்க வேண்டும். நண்பர்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, எழுத்தில் எதுவும் இல்லாமல் கையில் பணம் கொடுத்து வருபவருக்கு அந்தச் சான்று எங்கிருந்து கிடைக்கும்?

பெயர் விஷயம் தமிழருக்கே உரிய தலைவலி. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். திருமணச் சான்றிதழில் 'எஸ். கார்த்திக்' என்றும், பட்டச் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்.' என்றும், கடவுச்சீட்டில் 'கார்த்திக் செல்வம்' என்றும் இருக்கும். மனைவியின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் போய்க் கணவர் பெயர் ஏறியிருக்கும். நமக்கு இவையெல்லாம் ஒரே ஆள்தான். முன்னெழுத்து என்றால் என்னவென்றே அறியாத இத்தாலிய அலுவலருக்கோ இவர்கள் மூன்று வெவ்வேறு மனிதர்கள். அந்நாட்டின் வரி எண்ணான கோதிசே ஃபிஸ்காலே 16 எழுத்துகளும் எண்களும் கொண்டது. குடும்பப் பெயரிலிருந்து மூன்று எழுத்து, இயற்பெயரிலிருந்து மூன்று எழுத்து, பிறகு பிறந்த ஆண்டு, மாதம், தேதி, பிறந்த இடத்துக்கான குறியீடு என்று அது கட்டப்படுகிறது. இந்தியாவில் பிறந்த அனைவருக்கும் இசட் 222 என்பதே அந்தக் குறியீடு. இரண்டு பெயர்களும் இடம் மாறிவிட்டால் எண்ணே மாறிவிடும்; வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், மருத்துவ அட்டை என்று தவறு எல்லா இடங்களிலும் பரவும். 1994 ஆகஸ்ட் 12 அன்று பிறந்த பெண்ணின் எண்ணில் 12 என்பதற்குப் பதில் 52 இருப்பதைப் பார்த்துப் பதறித் திருத்தம் கேட்டு ஓட வேண்டாம். பெண்களுக்குப் பிறந்த தேதியோடு 40 கூட்டுவது அவர்கள் முறை. உண்மையில் சரிபார்க்க வேண்டியவை முதல் ஆறு எழுத்துகள்.

எனவே ஊரிலிருக்கும்போதே எல்லா ஆவணங்களையும் கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கு இணங்கத் திருத்தி, அதன் பிறகு பயணம் முடியும் வரை கடவுச்சீட்டில் எந்த மாற்றமும் செய்யாமல் இருப்பதே நல்லது. அழைப்பிதழும் கோயில் ரசீதும் திருமணச் சான்றாகா. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருந்தும், வெளிநாடு போகும்போதுதான் பதிவு அலுவலகத்தை நினைப்பவர்கள் இன்னும் உண்டு. பதிவுச் சான்றுக்கு முதலில் மாநில அரசின் சான்றொப்பம், அடுத்து, ஆவணம் வெளிநாட்டிலும் ஏற்கப்படுவதற்காக வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரை, கடைசியாக அந்த முத்திரையையும் சேர்த்து இத்தாலிய மொழிபெயர்ப்பு என்பதே வரிசை. மொழிபெயர்த்துவிட்டு முத்திரைக்குப் போனால் இரண்டாம் முறையும் செலவழிக்க நேரும்.

போய்ச் சேர்ந்ததும் ஊர் சுற்றிப் பார்க்கத் தோன்றும். ஆனால் நாட்டுக்குள் நுழைந்த 8 வேலை நாட்களுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலும் அது அஞ்சல் நிலையம் வழியாகவே நடக்கும். 16 யூரோ வரி வில்லையை 'டி' என்ற எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் வாங்கி ஒட்டி, கட்டணங்களைச் செலுத்தினால் ஒரு ரசீது தருவார்கள். கைரேகை பதியக் காவல் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போகும் நாள் சில மாதங்கள் தள்ளியும் கிடைக்கலாம். விசா முடிந்து, அட்டை வராமல், அந்த ரசீது மட்டும் கையில் இருக்கும் காலத்தில் ஊருக்கு வர நேர்ந்தால் பயணச்சீட்டைப் பார்த்து எடுக்க வேண்டும். ரசீதைக் கொண்டு இத்தாலியிலிருந்து நேரே வெளியேறி நேரே திரும்பலாமே தவிர, வேறொரு ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய) நாட்டின் வழியாகப் போகக் கூடாது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாக மலிவாகக் கிடைத்தது என்று எடுத்த சீட்டு அங்கே உதவாது. துபாய், தோகா வழியே வருவதில் இந்தச் சிக்கல் இல்லை.

சம்பளத்தை 12ஆல் வகுத்துப் பார்ப்பது இன்னொரு தவறு. அங்கே ஆண்டு மொத்தம் 13 தவணைகளாகவும், சில துறைகளில் 14 தவணைகளாகவும் வரும். 35,000 யூரோ என்றால் மாதம் ஏறக்குறைய 2,900 என்று மனக்கணக்குப் போட்டவர் கையில், சமூகக் காப்பீடும் வரியும் போக, 2,000 யூரோவை ஒட்டியே நிற்கும். ஒருவர் சம்பளத்தில் மிலானில் இருவர் வாழ்வது இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாக வேண்டும். உயர் தகுதிப் பணிக்காகக் குடிபெயர்பவருக்கு வருமானத்தில் பாதிக்கு ஐந்தாண்டு வரிவிலக்கு தரும் திட்டம் உண்டு. நான்காண்டுகளாவது அங்கே தங்க வேண்டும், முன்பே கிளம்பினால் சலுகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். வேலையில் சேரும்போதே இதை எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

வீடு பார்க்கும்போது, ஒப்பந்தத்தைப் பதியாவிட்டால் வாடகையைக் குறைப்பதாகச் சொல்லும் உரிமையாளரை நம்பக் கூடாது. ஒப்பந்தம் 30 நாட்களுக்குள் வரித்துறையில் பதிவாக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. தளவாடமற்ற வீடு என்றால் அடுப்பு மட்டுமல்ல, பாத்திரம் கழுவும் தொட்டியே இல்லாமல் சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கலாம். குடியேறும் முதல் இரவில் இதைக் கண்டறிவது அத்தனை இனிமையான அனுபவமல்ல.

குடும்ப அனுமதியில் வரும் துணைவர் வேலை செய்யலாம். இதை அறியாமல் இரண்டு ஆண்டுகளை வீணாக்கியவர்கள் உண்டு. எனினும் செவிலியர், மருத்துவர், ஆசிரியர் போன்ற பணிகளுக்கு அந்நாட்டு அமைச்சகத்தின் தகுதி ஏற்பு வேண்டும். அதற்கான பாடத்திட்ட நகல்களையும் பதிவுச் சான்றுகளையும் ஊரிலிருந்தே எடுத்துச் செல்லாவிட்டால் பிறகு உறவினரைக் கல்லூரி வாசலில் நிறுத்த வேண்டிவரும். அலுவலகத்தில் ஆங்கிலத்தால் சமாளித்துவிடுபவரைவிட, மருந்துக் கடைக்கும் நகராட்சிக்கும் போகும் துணைவருக்குத்தான் இத்தாலிய மொழி முதலில் தேவைப்படும். இந்திய ஓட்டுநர் உரிமமும் குடியிருப்புப் பதிவான ஓராண்டு வரைதான் செல்லும். அதை மாற்றித் தர மாட்டார்கள். புதிதாக எழுதும் தேர்வில் சரியா தவறா என்று கேட்கும் 30 வினாக்கள் இருக்கும், 20 நிமிடம், மூன்று பிழை வரை பொறுப்பார்கள்; ஆங்கிலத்தில் எழுத வழியில்லை.

கடைசியாக, நம்மவர்கள் பெரிதும் கவனிக்காத ஒன்று உண்டு. இத்தாலியில் வரிக் குடியிருப்பாளர், அதாவது வரிக் கணக்கில் அங்கேயே வசிப்பவராகக் கருதப்படுபவர், ஆகிவிட்டவர் வெளிநாட்டில் தம் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, முதலீடு, நிலம், வீடு ஆகியவற்றை வரி அறிக்கையின் 'ஆர்.டபிள்யூ.' பகுதியில் காட்ட வேண்டும். வெளிநாட்டு வீடு நிலத்துக்கு 2024 முதல் ஆண்டுக்கு 1.06 விழுக்காடு வரியும் உண்டு. சம்பளம் இல்லாததால் தமக்கு இது பொருந்தாது என்று துணைவர் இருந்துவிடக் கூடாது. கல்யாணத்தின்போது பெற்றோர் அவர் பெயரில் எழுதிவைத்த மனையும், வங்கியில் போட்டுவைத்த வைப்புத்தொகையும் அவருடைய கணக்கிலேயே வரும். அந்தப் பத்திரத்தின் நகலும் வாங்கிய விலைக்கான சான்றும் பயணப்பெட்டியில் கடவுச்சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.